கட்டடமும் கருணையும்

கவிதையையோ நாவலையோ விமர்சிக்கும்போது, 'இது யாருக்காக எழுதப்பட்டது?' என்னும் வினாவை எழுப்ப நாம் பழகிவிட்டோம். கட்டடத்தைப் பார்க்கும்போது மட்டும் அவ்வினாவை மறந்துவிடுகிறோம். அழகாயிருக்கிறது, உறுதியாயிருக்கிறது, செலவு குறைவு என்று கூறி நகர்ந்துவிடுகிறோம். கவிதை பிடிக்காதவன் நூலை மூடி வைத்துவிடலாம். கட்டடத்தினுள் வாழவும் படிக்கவும் விதிக்கப்பட்டவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஆகவே, சமுதாயத்துக்குப் பதில் கூறும் பொறுப்பு கலைகளுள் கட்டடக் கலைக்கே மிகுதி எனலாம்.

கட்டட வடிவமைப்புப் பயிலும் மாணவர்கள் வறிய ஊர்களுக்குச் சென்று, பாடசாலை விட்ட பின் பிள்ளைகள் கூடுவதற்கான நிலையங்களைத் தம் கையாலேயே கட்டியும் புதுப்பித்தும் கொடுக்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் நிலைபெற்றுள்ளது. நாம் சிரமதானம் என வழங்கும் செயலுக்கு இது ஒருவகையில் ஒப்பானது. ஆயினும், அங்கு இது பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் ஒரு கூறு. மாணவர் இதற்குப் புள்ளி பெறுகின்றனர். இவ்வகை முயற்சிகளுள் தலையாயது அலபாமா மாநிலத்து ஓபர்ன் பல்கலைக்கழகத்தின் 'றூரல் ஸ்ரூடியோ'. அதனை முன்வைத்து இந்த வழக்கத்தின் சிறப்பையும் குறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்முயற்சி வேர்கொண்ட ஹேல் மாவட்டம் இலக்கிய மாணவருக்குப் புதியதன்று. 1936ஆம் ஆண்டுக் கோடையில் எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியும் புகைப்படக் கலைஞர் வோக்கர் எவன்ஸும் அங்குச் சென்று, மூன்று வெள்ளைக் குத்தகை விவசாயக் குடும்பங்களின் வாழ்வைப் பதிவு செய்தனர். 1941இல் அது நூலாக வெளிவந்தபோது வாங்குவோர் மிகச் சிலரே. 1960இல் மீண்டும் அச்சேறிய பின்னரே அது புகழ்பெற்றது. பிறர் வறுமையைக் கலையாக்கும் உரிமை தனக்கு உண்டா என்று ஏஜி அந்நூல் முழுவதிலும் தன்னைத் தானே குடைந்து கொள்கிறார். அரை நூற்றாண்டின் பின் டேல் மஹரிட்ஜ், மைக்கல் வில்லியம்சன் என்னும் இருவர் அதே குடும்பங்களைத் தேடிச் சென்று எழுதிய நூல் 1989இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு புலிற்சர் பரிசையும் பெற்றது. அந்தப் புகழ் தம்மை எட்டவில்லை என்னும் கசப்பு அக்குடும்பத்தவர் சிலரிடம் இருந்தது. நூல் வாழ்ந்தது, அதற்குப் பொருளானவர் பழைய நிலையிலேயே கிடந்தனர். கலைஞனின் கருணைக்கும் மக்களின் வாழ்வுக்குமிடையே உள்ள இந்த இடைவெளியை மனத்தில் இருத்திக்கொண்டே நாம் மேற்செல்லல் வேண்டும்.

1993இல் சாமுவேல் மொக்பீ, டி. கே. ரூத் என்னும் இரு பேராசிரியர்கள் அதே மாவட்டத்தில் றூரல் ஸ்ரூடியோவைத் தொடக்கினர். வகுப்பறையில் கற்பனைச் செல்வந்தனுக்குக் காகிதத்தில் மாளிகை வரையும் கல்வியை மொக்பீ வெறுத்தார். மாணவன் வறியவரின் ஊரிலேயே தங்கி, அவரோடு பேசி, அவருக்கு வேண்டியதை வரைந்து, வரைந்ததைத் தன் கையால் கட்ட வேண்டும் என்றார். வைக்கோற் கட்டுகளால் சுவர் எழுப்பி 1994இல் ஒரு வீடு கட்டினர்; கழித்துப்போட்ட டயர்களைக் கொண்டு 1995இல் ஒரு வழிபாட்டிடம் அமைத்தனர்; பழைய மோட்டார் வண்டிகளின் முன்கண்ணாடிகளைக் கூரையாக்கி 2000இல் ஒரு சமூக மண்டபம் எழுப்பினர். மக்கார்தர் விருது அவ்வாண்டிலேயே மொக்பீயைத் தேடி வந்தது. 2001 டிசம்பரில் அவர் காலமானார்.

ஹேல் மாவட்டத்துச் சிற்றூர்களுள் ஒன்றான அக்ரனில், பாடசாலை விட்ட பின் சிறுவர் சிறுமியர் கூடும் கழகத்துக்காக இம்மாணவர்கள் இருமுறை உழைத்தனர். முதலாவது வேலை 2001இலும் இரண்டாவது 2007இலும் நிறைவெய்தின. இரண்டாவதின் சிறப்பு, கூடைப்பந்து ஆடுகளத்தின் மேல் அவர்கள் கவித்த கூரையாகும். நீண்ட உத்தரங்களை நாடாமல், சிறு மரத்துண்டுகளைச் சாய்சதுர வலைபோல் ஒன்றோடொன்று பிணைத்து வளைவாக உயர்த்தும் முறை அது. எத்துண்டும் தனித்து நிற்பதில்லை. ஒவ்வொன்றையும் அயலிலுள்ளவை தாங்குகின்றன. செலவு சுருங்கியது, நடுவில் தூண் இல்லாமையால் ஆடுகளம் தடையின்றி விரிந்தது. உருவமும் உள்ளடக்கமும் இத்துணை இசைந்த கட்டடத்தைப் பாராட்டாதிருத்தல் விமர்சன நேர்மையாகாது.

இதில் ஒரு பெறுமதியும் உண்டு. வறியவருக்கு மலிவானதும் அழகற்றதும் போதும் என்னும் எண்ணம் ஆளும் வர்க்கத்தின் ஆழ்ந்த நம்பிக்கைகளுள் ஒன்று. ஏழைப் பிள்ளையின் பாடசாலை சிறைபோலவும், அவன் தாய் காத்திருக்கும் வைத்தியசாலை களஞ்சியம் போலவும் இருப்பதற்குக் காரணம் பணமின்மை மட்டுமன்று. அவர்களுக்கு அழகு தேவையில்லை என்ற தீர்ப்புமாகும். மொக்பீயும் அவர் மாணவரும் அத்தீர்ப்பை மறுத்தனர். இது முற்போக்கான செயலே என்பதில் ஐயமில்லை.

அப்படியாயின் குறை எங்கே?

முதலிற் சொல்லிலிருந்து தொடங்குவோம். இத்தகைய நிலையங்களுக்கு வரும் பிள்ளைகளை 'ஆபத்துக்குள்ளான இளைஞர்' என்று குறிப்பிடுவது அமெரிக்கக் கல்வியுலகின் வழக்கம். 1983இல் வெளியான 'ஆபத்திலுள்ள தேசம்' என்னும் அரசாங்க அறிக்கைக்குப் பின் இச்சொல் பெருவழக்காயிற்று. சொல்லின் அமைப்பையே நோக்குக: ஆபத்துக்குள்ளானவர் யார் என்பது தெரிகிறது, ஆபத்தை உண்டாக்கியவர் யார் என்பது தெரியவில்லை. மழைபோல் எங்கிருந்தோ ஆபத்து வந்து அப்பிள்ளைகள் மேல் விழுந்தது போலத் தோன்றுகிறது.

ஆனால், ஹேல் மாவட்டத்தின் ஆபத்துக்குத் தெளிவான வரலாறு உண்டு. அலபாமாவின் கரிய மண் வளையம் எனப்படும் பகுதியில் அமைந்த மாவட்டம் அது. அந்த வளமான மண்ணில் அடிமைகளைக் கொண்டு பருத்தி விளைவித்தனர். அடிமைமுறை ஒழிந்த பின் குத்தகை முறை அதனிடத்தைப் பிடித்தது. 1901ஆம் ஆண்டு மாநில அரசியல் யாப்பு கறுப்பு மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. அந்த யாப்பும் அதன் திருத்தங்களும் நிலவரிக்கு எல்லை கட்டி, பெருநிலக்காரரைக் காத்தன. பாடசாலைகளுக்குப் பணம் தரவேண்டிய வரி அது. 1954இல் உயர் நீதிமன்றம் பாடசாலைகளில் இனப் பிரிவினை கூடாதென்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நடைமுறைக்கு வந்த அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அப்பகுதி வெள்ளையர் தம் பிள்ளைகளுக்கெனத் தனியார் பாடசாலைகளைத் திறந்து விலகிக் கொண்டனர். பொதுப் பாடசாலை வறியவருக்கு மட்டுமே உரியதாகி நலிந்தது. பாடசாலை விட்ட பின் போக்கிடமின்றித் தெருவில் நிற்கும் பிள்ளை இந்த வரலாற்றின் பிள்ளை. அவனுக்குக் கூரை தரும் கட்டடம், அவன் தெருவில் நிற்பதற்கான காரணத்தைத் தொடுவதில்லை. தொட வேண்டுமென்று இருபது வயது மாணவரிடம் எதிர்பார்ப்பது நியாயமுமன்று. ஆனால், கட்டடத்தைப் பாராட்டும் விமர்சகன் காரணத்தை மறைக்கத் துணைபோதல் பெருங்குற்றம்.

இனி, அடுத்த வினாவுக்கு வருவோம்: இங்குக் கற்பவர் யார்? கட்டுபவர் பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்து வெள்ளை மாணவர். பெறுபவர் பெரும்பாலும் வறிய கறுப்பு மக்கள். மாணவர் பிழை செய்து, திருத்தி, தொழில் கற்று, பட்டத்தோடு வெளியேறுகின்றனர். கழகத்துப் பிள்ளையோ கட்டி முடிந்த மண்டபத்தினுள் நுழைகிறான், அவன் பயனாளி. 2010இல் புறூஸ் நஸ்போம் என்னும் விமர்சகர், மனிதாபிமான வடிவமைப்பு என்பது புதிய ஏகாதிபத்தியமா என்று வினவி ஒரு விவாதத்தைக் கிளப்பினார். மேலைநாட்டு வடிவமைப்பாளர் ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் விரைவதைக் குறித்தே அவர் வினவினார். ஆயின், ஏழை ஊர்கள் சொந்த நாட்டிலும் உள்ளன. அங்கும் இதே வினா பொருந்தும்.

அவ்விவாதத்தில் நஸ்போமுக்கு மறுமொழி கூறியவர்களுள் எமிலி பிலட்டன் என்னும் வடிவமைப்பாளரும் ஒருவர். அவரும் மத்தியூ மில்லரும் வட கரோலினாவின் வறிய மாவட்டங்களுள் ஒன்றான பேர்ட்டியில் நடத்திய வகுப்பைப் பற்றி, பற்றிக் கிறீடன் நெறிப்படுத்திய 'இஃப் யூ பில்ட் இற்' என்னும் ஆவணப்படம் 2013இல் வெளிவந்தது. அப்படத்தில் நெஞ்சைத் தொடும் பகுதி, மில்லரின் மாணவப் பருவக் கதை. அவர் டெற்றொயிற் நகரில் தம் உழைப்பால் ஒரு வீடு கட்டி, ஒரு குடும்பத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். சில காலத்தில் அக்குடும்பம் அதில் நிலைக்க முடியாது வெளியேறியது, வீடு பாழாயிற்று. கொடுத்தவர் நல்லவர், கட்டடம் நல்லது, ஆனால் அக்குடும்பத்தின் வருமானமும், மின்சாரக் கட்டணமும், தொழிலற்ற நகரமும் முன்னிருந்தவாறே இருந்தன. கருணை மட்டும் ஒரு வீட்டைத் தாங்காது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

இத்தோல்வியிலிருந்து கற்ற பாடத்தாற் போலும், பேர்ட்டியில் முறை தலைகீழாயிற்று. அங்கு வடிவமைப்பு மாணவராக ஆனவர்கள் அவ்வூர் உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகளே. முதலில் விளையாட்டுப் பலகைகள் செய்தனர்; பின்னர்க் கோழிக்கூடுகள்; இறுதியில் வின்ட்சர் என்னும் சிறு நகருக்கு விவசாயிகளின் சந்தை மண்டபம் ஒன்றை வரைந்து, நகரத்தார் முன் வாதாடி, 2011இல் கட்டி முடித்தனர். 'ஆபத்துக்குள்ளானவர்' என்று கணக்கிடப்பட்ட பிள்ளைகள் தம் ஊருக்குக் கொடுப்போராயினர். பயனாளி படைப்பாளியான இந்த மாற்றத்தை நாம் மிகவும் உயர்வாக மதிக்க வேண்டும். சுவரில் எந்த வர்ணம் பூசுவது என்று பிள்ளையிடம் கேட்பதற்கும், சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று அவனே தீர்மானிப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, தர்மத்துக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள வேறுபாடாகும்.

எனினும், இங்கும் கதை இனிதாக முடியவில்லை. இருவரையும் அழைத்த கல்வி அதிகாரி பதவியினின்று விலக நேர்ந்தது. கல்விச் சபை அவர்களின் சம்பளத்தை நிறுத்தியது. அவர்கள் நன்கொடைப் பணத்தைக் கொண்டு வகுப்பைத் தொடர்ந்தனர். 2012இல் வகுப்பு கலிபோர்ணியாவுக்குப் பெயர்ந்தது. சந்தை மண்டபம் ஊரில் நின்றது. அதைக் கட்டக் கற்பித்த வகுப்பு நிற்கவில்லை. அடுத்த ஆண்டுப் பிள்ளைகளின் கதி என்ன? படம் பிலட்டனையும் மில்லரையும் வீரராக்கிக் காட்டுவதில் ஈடுபடுவதால் இவ்வினாவை ஆழமாகத் தொடர்வதில்லை. ஆசிரியரின் தியாகத்தைப் போற்றும் படங்கள் பல உள. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்காத சபையை விசாரிக்கும் படங்கள் சிலவே. ஆசிரியத் தொழிலிலுள்ள நம் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் றூரல் ஸ்ரூடியோவுக்கு நீதி செய்தல் வேண்டும். அது ஊரை விட்டுப் போகவில்லை. மொக்பீயின் பின் பொறுப்பேற்ற அன்ட்றூ பிறீயரின் காலத்தில் அதன் போக்கும் மாறியது. டயரும் கண்ணாடியும் கொண்டு ஒரேயொரு விந்தைக் கட்டடம் செய்வதிலிருந்து விலகி, எவரும் மீண்டும் மீண்டும் கட்டத்தக்க எளிய வீட்டை நோக்கி அது திரும்பியது. முதியோர் உதவிப்பணத்தில் வாழும் ஒருவர் மாதந்தோறும் தவணை கட்டக்கூடிய தொகை எவ்வளவு என்று கணக்கிட்டு, பொருளும் கூலியும் சேர்த்து 20,000 டொலருக்குள் ஒரு வீட்டை அமைக்கும் முயற்சி 2005இல் தொடங்கியது. இங்குக் கலைஞன் தன் தனித்துவத்தைக் காட்டும் ஆசையைத் துறந்து, மக்களின் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறான். மக்கள் இலக்கியம் தனிமனித உணர்ச்சிப் பெருக்கைக் கடந்து முதிர்ச்சி பெறுவதை இது நினைவூட்டுகிறது. ஒரே மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று, தன் பழைய கட்டடங்களின் ஒழுக்கையும் வெடிப்பையும் தினமும் கண்முன் காணும் ஒரு கல்லூரி, தன்னைத் தானே திருத்திக் கொள்ளாமல் இருக்க முடியாது.

ஆகவே, இத்தகைய முயற்சிகளை மதிப்பிட நமக்கு மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. கட்டடம் வேண்டுமென்று கேட்டவர் யார்? கட்டும்போது கற்றவர் யார்? கட்டி முடிந்த பின் நாள்தோறும் பிற்பகலில் கதவைத் திறப்பவர் யார்? மூன்றாவது வினாவையே விமர்சகர் எளிதில் மறக்கின்றனர். சஞ்சிகைகளில் வரும் புகைப்படங்கள் பெரும்பாலும் கட்டடம் புதிதாயிருக்கும்போது எடுக்கப்பட்டவை. சுவரில் ஒரு கைரேகைகூட இராது. ஆனால் சிறார் நிலையம் என்பது சுவரன்று. பிள்ளைகளின் பெயரை அறிந்து, அவர்கள் வராத நாளில் ஏன் வரவில்லை என்று விசாரிக்கும் ஒரு மனிதரே நிலையம். அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். பாடசாலைக்குப் பிந்திய நிலையங்களுக்கென 1994இல் சட்டமாக்கப்பட்ட அமெரிக்க மத்திய அரசின் நிதித் திட்டத்தையே முற்றாக நீக்கிவிட 2017ஆம் ஆண்டு வரவு செலவு யோசனை முனைந்தது. காங்கிரஸ் சபை அதற்கு இணங்காததால் நிதி பிழைத்தது. மாணவர் பல மாதம் உழைத்து எழுப்பும் ஒரு மண்டபத்தை, ஒரு வரியை வெட்டும் பேனா பூட்டிவிடக் கூடும்.

இதனால், சுத்தியலைக் கீழே வையுங்கள் என்று மாணவருக்குச் சொல்லுதல் நம் கருத்தன்று. ஒரு பிள்ளைக்கு இன்று மழைக்கு ஒதுங்க இடம் வேண்டும். சமுதாயம் மாறும்வரை அவன் நனையட்டும் என்பது முற்போக்கன்று, கல்நெஞ்சம். ஆனால், கூரையை எழுப்பிய கைகள் அத்துடன் ஓய்ந்துவிடலாகாது. கூரை ஏன் இல்லாது போயிற்று என்று கேட்கவும், அக்கேள்வியைக் கல்விச் சபையிடமும் அரசாங்கத்திடமும் கொண்டு செல்லவும் அவை பழக வேண்டும். அதனைக் கேட்கும்போது அந்த ஊர்ப் பிள்ளைகளும் அருகில் நிற்க வேண்டும். பார்வையாளராக அன்று, உடன் கட்டியவராக. அந்நாளில்தான் புதுப்பிக்கப்பட்டது ஒரு கட்டடம் மட்டுமன்று என்று நாம் துணிந்து கூறலாம்.