சக்தியின் முதல் தட்டு

கச்சேரி மேடையில் வாசித்ததை அப்படியே பிடித்து வைத்த இசைத்தட்டுகளில் எனக்கு முதலிடம் ‘சக்தி’ குழுவின் முதல் தட்டுக்குத்தான். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டில், சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி அது. மறு ஆண்டு கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. கிதார் ஜான் மெக்லாஃப்ளின், வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன்.

‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’வில் மின்கிதாரால் அரங்கை அதிரவைத்துக்கொண்டிருந்த மெக்லாஃப்ளின், அந்த இரைச்சலையும் புகழையும் ஒதுக்கிவிட்டு மரக்கிதாரோடு தரையில் வந்து உட்கார்ந்தார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். தந்தியை இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு அவர் வழுக்கிப் போகும்போது அந்தப் பாடம் காதில் விழுகிறது. அதே பிடியைச் சங்கரின் வில் எந்தச் சிரமமும் இல்லாமல் திருப்பித் தரும். முதல் உருப்படியில் இருவரும் மின்னல் வேகத்தில் சேர்ந்தே ஓடுகிறார்கள். யார் யாரைத் துரத்துகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது.

மலேசியாவில் லிங்கி பக்கம் எஸ்டேட் கோயில் திருவிழாக்களில் உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தட்டு அந்நியமாகப் படாது. உறுமிக்காரர் வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து முனகலை எழுப்புவார். மற்ற மேளக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்தே நடையை மாற்றுவார்கள். எழுதி வைத்த எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவரின் கையைக் கேட்கத் தெரிந்தால்தான் அங்கே வாசிக்க முடியும். சக்தியின் பலமும் இதுதான்.

விக்குவின் கடத்தை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து பாருங்கள். கழுத்துப் பக்கம் விரல் பட்டால் கணீரென்று ஒரு சத்தம். நடுவயிற்றில் பட்டால் வேறு சத்தம். பானையின் வாயைத் தன் வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் அவர் எடுக்கும் அடிநாதத்துக்குத் தோல் வாத்தியமே தோற்றுப்போகும். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, ஏறக்குறைய 29 நிமிடம். கோர்வை மூன்று முறை சுற்றிவந்து சமத்தில் இறங்கும்போது நம் கை தானாகத் தொடையில் விழும்.

மேடை வாசிப்பைப் பிடித்து வைப்பது இசைத்தட்டு நிறுவனங்களின் வேலை மட்டுமல்ல. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு, ரசிகர்கள் தன் கச்சேரிகளை டேப்பில் பிடித்துக்கொள்ள இடம் கொடுத்தது. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் வாசித்த கச்சேரி, பல்லாண்டு காலம் கைக்குக் கை மாறிய பிறகு 2017இல்தான் முறையான தட்டாக வந்தது. நம் பழைய சபா கச்சேரிகள் பலவும் இப்படி டேப் சேர்த்தவர்களின் புண்ணியத்தில் பிழைத்தவைதானே! அந்தக் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட்தான் பின்னாளில் ஜாகிரையும் விக்குவையும் ‘பிளானட் டிரம்’ தட்டில் சேர்த்துக்கொண்டவர். அது கிராமி விருதும் வாங்கியது.

சக்தி அடுத்ததாக ஸ்டூடியோவில் இரண்டு தட்டுகள் செய்தது. நேர்த்தி கூடியவை, சந்தேகமில்லை. ஆனால் அவற்றில் ராகவன் இல்லை, குழு நால்வராகிவிட்டது. மிருதங்கமும் கடமும் தபேலாவும் ஒரே மேடையில் ஒன்றையொன்று நெருக்கும் அந்தக் கனத்துக்காக, நான் திரும்பத் திரும்ப எடுப்பது முதல் தட்டைத்தான்.