கூரை மடித்த மைனர்

1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கார் கண்காட்சியில் ஜாகுவார் எக்ஸ்கே 120 அறிமுகமானது. கூட்டம் அதை மொய்த்தது. அதே கண்காட்சியில், அதே நாட்களில், மோரிஸ் மைனரும் வந்து நின்றது. ஜாகுவாரைப் புகழ ஆள் நிறைய உண்டு. நான் மைனர் கட்சி. அதிலும் துணிக் கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டுகிற மைனர். முதல் நாளிலிருந்தே இரண்டு கதவு மூடிய கார், திறந்த கார் என இரு வடிவங்களில்தான் அது விற்பனைக்கு வந்தது.

திறந்த கார் என்றால் இரண்டு பேர் உட்காரும் பந்தா வண்டி என்றுதான் நினைப்போம். மைனரில் நாலு பேர் உட்காரலாம், மாமியார் உட்பட. வேகம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆரம்பகால 918 சிசி இன்ஜினுக்கு 27.5 குதிரைத்திறன்தான், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடவே மூச்சு வாங்கும். அந்த வேகத்தில் வேலியும் மரமும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும். கூரையைத் திறந்துவைத்துவிட்டு எதையும் பார்க்க முடியாத வேகத்தில் போவதில் என்ன லாபம்?

இதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் ஸ்மிர்னாவில் பிறந்தவர். பின்னாளில் மினி காரையும் தந்தவர். மைனரின் மாதிரி வண்டி தயாரான பிறகு, அகலம் போதவில்லை என்று அவருக்குப் பட்டது. காரை நடுவே இரண்டாக வெட்டச் சொல்லி, இரு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நாலு அங்குலம் கூட்டினார். பானெட்டின் நடுவே ஓடும் அந்தத் தட்டையான பட்டை அப்படி வந்ததுதான். பம்பர்கள் பழைய அளவில் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டதால், அவற்றையும் வெட்டி நடுவில் ஒரு துண்டு வைத்து ஒட்டினார்கள். நிறுவனத்தின் முதலாளி நஃபீல்டு பிரபு காரைப் பார்த்துவிட்டு, வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார். முட்டை பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது.

இனி, புதுப்பித்த காரை எப்படிப் பார்ப்பது என்ற விஷயம். பலர் பெயிண்டைப் பார்க்கிறார்கள், குரோமியத்தில் முகம் தெரிகிறதா என்று குனிகிறார்கள். நான் முதலில் பார்ப்பது கதவிடுக்கு.

மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தகட்டு உடலே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. மூடிய காரில் கூரையும் அதில் பங்கெடுத்துக்கொள்ளும். கூரையை எடுத்துவிட்டால், அந்தப் பாரம் முழுக்கத் தரைத்தகட்டிலும், கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற தகடுகளிலும் இறங்குகிறது. இதைத் தெரிந்துதான் தொழிற்சாலையிலேயே திறந்த மைனருக்கு அந்த அடித்தகடுகளைக் கூடுதலாகப் பலப்படுத்தினார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே கதவுத் தூண்களோடு இணைத்து முட்டுகளும் கொடுத்தார்கள். துரு பிடிப்பதும் முதலில் இந்த அடித்தகட்டில்தான். உள்ளே தகடு அரித்துப்போன கார், நடுவில் பழைய கட்டில் மாதிரி தொய்யும். கதவிடுக்கு மேலே நெருங்கி, கீழே அகன்று நிற்கும்.

நல்ல டிங்கர் துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுப்பதற்கு முன், கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பிகளை வெல்டிங் செய்து உடலைக் கட்டிவிடுவார். பிறகுதான் வெட்டுவார். புதுத் தகட்டைப் பொருத்திக் கதவை மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி மாட்டி, இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் வந்த பிறகே கம்பியை எடுப்பார். இந்த உழைப்பு மொத்தமும் பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிடும். யாரும் கைதட்டப் போவதில்லை. அவசரக்காரர் துருவின் மேலேயே பட்டி பார்த்து, தேய்த்து, பளபளவென்று அடித்துக் கொடுத்துவிடுவார். அந்தக் காரில் நாலு பேர் ஏறி உட்கார்ந்த பிறகு கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், கணக்குத் தெரிந்துவிடும்.

மூடிய மைனரின் கூரையை அறுத்துத் திறந்த கார் ஆக்குகிறவர்களும் உண்டு. முட்டுகளையும் தகடுகளையும் சரியாகக் கொடுத்திருந்தால் எனக்கு அதில் வெறுப்பில்லை. ஆனால் அதை அசல் என்று சொல்லி அசல் விலை கேட்பது அநியாயம்.

கண்ணைப் பறிக்கிற சிவப்பும் எனக்கு ஒவ்வாது. ஸ்மோக் கிரே என்று மோரிஸ்காரர்கள் கொடுத்த நீலம் கலந்த சாம்பல், அந்த உருண்டை உடம்புக்கு வெகு பொருத்தம். உள்ளே டேஷ்போர்டின் நடுவில் ஒற்றை வட்ட ஸ்பீடோமீட்டர். அதன் பக்கத்தில் தொடுதிரை பொருத்துகிறவர்களை என்ன சொல்வது?

ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் பெரிய சுகம் ஸ்டீயரிங். ராக் அண்ட் பினியன் அமைப்பு, அந்தக் காலச் சிறு கார்களில் அபூர்வம். திருப்பினால் உடனே கேட்கும். முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் இல்லாததால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சர் கரகரவென்று முனகும் ஒரு சத்தம் மைனருக்கே உரியது. கூரை மூடிய காரில் அது பாதிதான் கேட்கும்.

இந்தக் காரின் உறுதிக்கு யாழ்ப்பாணத்தைக் கேட்க வேண்டும். 1990களில், பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காத காலத்தில், மோரிஸ் மைனர்களையும் ஆஸ்டின் கார்களையும் சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மைனருக்கான உடல் தகடுகளை இலங்கையில் அடித்து பிரிட்டனுக்கு ஏற்றுமதி செய்ததும் உண்டு.

திறந்த மைனர் உற்பத்தி 1969இல் நின்றது. எந்த ஆண்டுக் கார் என்று கேட்டால் என் ஓட்டு 1956க்கும் 1961க்கும் இடைப்பட்டதற்கு: 948 சிசி இன்ஜின், 37 குதிரைத்திறன், திரும்பும்போது பக்கவாட்டில் கை நீட்டும் டிராபிகேட்டர். பின்னால் வந்த 1098 சிசி இன்ஜின் பலசாலிதான். ஆனால் அதில் அந்தக் கை இல்லை.