முஹம்மது அலீ: பட்டியலை நாம் படித்த விதம்

சென்ற விடுமுறையில் பள்ளத்தூரில் உறவினர் இல்லத்துத் திண்ணையில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. முஹம்மது அலீ எத்தனை முறை தோற்றார் என்பது கேள்வி. “அவர் தோற்றதே இல்லை, மாமா” என்றான் பத்தாம் வகுப்பு பயிலும் பிள்ளை. சான்றாக, பள்ளியில் பரிசாகப் பெற்ற சிறு நூலொன்றை நீட்டினான். புரட்டினோம். லிஸ்டன் இருந்தார், ஃபோர்மன் இருந்தார். லாரி ஹோம்ஸ் என்ற பெயரைக் காணோம்.

பிள்ளையைக் குறை கூறுவதற்கில்லை. நம் ஏடுகளில் அவரைப் பற்றி எழுதியோர், நாம் உட்பட, வெற்றிகளையே எடுத்துக் கோத்தோம். பட்டியலோ எதையும் மறைக்கவில்லை. 61 சண்டைகள், 56 வெற்றிகள், அவற்றுள் 37 நாக்அவுட், 5 தோல்விகள். முதல் 57 சண்டைகளில் தோல்வி இரண்டே: 1971-இல் ஜோ ஃப்ரேசியரிடம், 1973-இல் தாடை உடைத்த கென் நார்டனிடம். கடைசி நான்கு சண்டைகளில் மூன்று தோல்விகள்! இவ்வொரு கணக்கே ஒரு நூலுக்குப் போதிய பொருளாகும்.

பட்டியலில் ஒரு வெற்றிடமும் உண்டு. 1967 மார்ச்சுக்குப் பின் 1970 அக்டோபர் வரை ஒரு சண்டையும் இல்லை. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தார், பட்டம் பறிபோயிற்று, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது 1971 ஜூனில்தான். ஒரு குத்தும் விடாத அம்மூன்றரை ஆண்டுகளே அவர் செய்த பெருஞ்சண்டை என்போம். இதை அச்சிறு நூலும் நன்றாகவே சொல்கிறது.

ஆனால் அந்நாட்களில் அவருக்காகப் பரிந்து பேசியவர் ஃப்ரேசியர் என்பதையும், அதே ஃப்ரேசியரை 1975 மணிலாச் சண்டைக்கு முன் ‘கொரில்லா’ என்று அலீ எள்ளி நகைத்ததையும் நூல் விழுங்கிவிட்டது. பட்டப்பெயரிட்டு இழிப்பதை மார்க்கம் தடுத்திருப்பதை அறிந்த இல்லங்களுக்கன்றோ இந்நூல் செல்கிறது? பின்னாளில், 2001-இல், அலீயே அதற்கு வருத்தம் தெரிவித்தார். அவர் ஒப்புக்கொண்ட பிழையை நாம் மூடி மறைப்பானேன்?

1980-இன் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப்போட்டி. அது பட்டியலில் சேராது. எம்.ஜி.ஆருடன் அவர் நிற்கும் படத்தைக் கண்டு மகிழாத தமிழர் குறைவு. அப்போது அவர் ஓய்வு அறிவித்திருந்தவர். அத்தோடு நின்றிருக்கலாம். அதே ஆண்டு அக்டோபர் 2-இல், 38-ஆம் வயதில், லாஸ் வேகாஸில் ஹோம்ஸ் முன் நின்றார். ஒரு காலத்தில் அலீயின் பயிற்சித் துணைவராயிருந்தவர் ஹோம்ஸ். பத்துச் சுற்று அடி வாங்கிய பின், பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். ஆட்டத்தின் இடையே அலீ நிறுத்தப்பட்டது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். மருத்துவர் ஃபெர்டி பச்சேகோவின் எச்சரிக்கை எடுபடாமற்போய், அவர் 1977-லேயே விலகியிருந்தார். 1981 டிசம்பரில் நாசாவில் டிரெவர் பெர்பிக்கிடமும் தோல்வி. 1984-இல் நடுக்க நோய்க்குறி வெளிப்பட்டது.

“ஏன் மாமா மறுபடி போனார்?” என்றான் பிள்ளை. பணம், புகழ், நான்காம் முறையும் பட்டம் என்னும் ஆசை என்றோம். நாமும் அவர் போகவேண்டுமென்றே விரும்பினோம் என்பதைச் சற்றுத் தயங்கியே சொன்னோம்.

அந்நூல் மறுபதிப்புக் காணுமாயின், கடைசி இரு சண்டைகளுக்கும் ஒரு பக்கமேனும் ஒதுக்கவேண்டும். கின்ஷாசா படங்கள் மூன்றில் ஒன்றைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.