எவர்சில்வர் ரைபிள் குழாயில் கீறலா? அரக்கு பேடும் சாம்பல் பேடும் போதும்

ரைபிளின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் விழும் மேலோட்டமான கீறலைப் போக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கார் பெயின்ட் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் இரண்டு நார் பேடுகள் போதும். ஒன்று அரக்கு நிறம், ஸ்காட்ச்-பிரைட் 7447. மற்றது சாம்பல் நிறம், அதே பிராண்டின் 7448. இவற்றோடு சமையலறைப் பச்சை பேட், வாட்டர் பேப்பர், மெட்டல் பாலிஷ் பேஸ்ட், பஃப் மாட்டிய மினி கிரைண்டர் ஆகியவற்றையும் கள்ளக்குறிச்சி அருகே உள்ள கச்சிராயபாளையத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாம்பலில் தொடங்குங்கள், அது போதாவிட்டால் மட்டும் அரக்குக்குப் போங்கள், மினி கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

எதில் சோதித்தேன்?

கச்சிராயபாளையத்து லேத் பட்டறைகளுக்குப் பிழைப்பு தருபவை கரும்பும் போர்வெல்லும். கள்ளக்குறிச்சி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் இரண்டாவது ஆலை இங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் போர்வெல் மோட்டார்கள் ஓடுகின்றன. அப்படி ஒரு பம்பிலிருந்து கழற்றிப் போட்ட பழைய ஷாஃப்ட் துண்டைப் பட்டறையில் வாங்கிக்கொண்டேன்.

ஷாஃப்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வீட்டில் உள்ள நல்ல எவர்சில்வர் பாத்திரம் 304 வகை: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதில் காந்தம் ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் ரைபிள் குழாய்க்குப் பெரும்பாலும் பயன்படுவது 416 வகை. அதில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான், நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கலாம், காந்தமும் பிடிக்கும். பம்ப் ஷாஃப்டுக்கு அதிகம் பயன்படும் 410 இதே குடும்பம். ஆகவே குழாயின் குணம் பாத்திரத்தில் தெரியாது, ஷாஃப்டில் தெரியும்.

இந்த உலோகத்தின் கதையே துப்பாக்கிக் குழாயில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர், சுடச்சுட உள்பக்கம் அரிபட்டுப்போகும் குழாய்களுக்கு ஒரு தீர்வு தேடிக்கொண்டிருந்தார். 1913 ஆகஸ்டில் அவர் வார்த்த உருக்கில் 12.8 சதவீதம் குரோமியம் இருந்தது. அது துருப்பிடிக்கவில்லை என்று கண்டதும் கத்தி, கரண்டி செய்யப் போய்விட்டது. இன்றைய ஸ்டெயின்லெஸ் ரைபிள் குழாயில் உள்ள குரோமியமும் ஏறக்குறைய அதே அளவுதான்.

பேடுகள் எப்படி வேலை செய்கின்றன?

நைலான் நார்களைப் பின்னாமல் ஒட்டவைத்து, அவற்றின் மேல் தேய்க்கும் துகள்களைப் பிணைத்திருக்கிறார்கள். அரக்கு பேடில் அலுமினியம் ஆக்சைடு. அதன் வெட்டு ஏறத்தாழ 320 முதல் 400 எண் வாட்டர் பேப்பருக்குச் சமம். சாம்பல் பேடில் இன்னும் நுண்ணிய சிலிக்கான் கார்பைடு. அது 600 முதல் 800 எண்ணுக்கு அருகில் வரும். நார் வளைந்து கொடுப்பதால் பேட் உருண்டையான பரப்பைத் தழுவிக்கொள்கிறது. தாளும் வளையும், ஆனால் விரல் அழுத்தும் இடத்தில் மட்டும் அதிகமாக வெட்டிவிடும். ஷாஃப்டில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது: தாள் தேய்த்த இடத்தில் வெளிச்சம் பட்டையாக உடைந்தது, பேட் தேய்த்த இடத்தில் ஒரே சீராக ஓடியது.

ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கீறலை யாரும் நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பரப்பில் துப்பாக்கிக் கம்பெனி விட்டுப்போன நுண்கோடுகளோடு கீறலைக் கலந்துவிடுகிறோம், அவ்வளவுதான். ஆகவே பளபளப்பு நம் இலக்கு அல்ல, பழைய கோடுகளோடு ஒத்துப்போவதுதான் இலக்கு.

சோதனையில் கண்டது

சாம்பல் பேட்: நகத்தில் தட்டாத கீறல்களை மறைத்துவிட்டது. கூடவே சில சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் இழுப்பு மென்மையாகிறது, கோடுகளும் மெல்லியதாக விழுகின்றன.

அரக்கு பேட்: சற்று ஆழமான கீறலையும் மங்கவைத்தது. ஆனால் தேய்த்த இடம் தனியாகத் தெரிந்தது. முடிவில் சாம்பல் பேடால் முழு நீளத்துக்கும் இழுத்த பிறகே சீரானது.

பச்சை பேட்: அவசரத்துக்கு உதவும். ஆனால் சமையலறையில் கிடந்ததை எடுத்து வராதீர்கள். அதில் உப்பு ஒட்டியிருக்கும், உப்பு இந்த வகை ஸ்டீலுக்குப் பகை.

மெட்டல் பாலிஷ் பேஸ்ட்: கீறலைப் போக்கவில்லை, சுற்றியுள்ள இடத்தைப் பளபளப்பாக்கியது. அதனால் கீறல் முன்பைவிட எடுப்பாகத் தெரிந்தது. கண்ணாடிபோல் மின்னும் குழாய்க்கு மட்டுமே இது ஏற்றது.

மினி கிரைண்டர்: நொடியில் பள்ளம் விழுந்தது. ஒரே இடத்தில் சூடும் ஏறியது. உருண்டைக் குழாயில் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டால் அதைக் கையால் சரிசெய்ய முடியாது.

இரும்பு நார் பற்றி ஒரு எச்சரிக்கை: சாதாரண இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள்கள் பரப்பில் பதிந்துவிடும். சில நாளில் அவை துருப்பிடிக்கும், பார்ப்பவர்கள் குழாயே துருப்பிடித்ததாக நினைப்பார்கள்.

உண்மையான குழாயில்

உரிமம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தம் .22 ரைபிளின் குழாயைத் தம் வீட்டிலேயே தம் கையாலேயே தேய்த்தார். நான் பக்கத்தில் இருந்து வழி சொன்னேன். இதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும். எவ்வளவு பழகிய லேத் பட்டறையாக இருந்தாலும் துப்பாக்கியை அங்கே எடுத்துப் போகக் கூடாது.

முதலில் மேகசினையும் போல்ட்டையும் கழற்றிவிட்டு, குழாயின் தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தோம். தோட்டாக்கள் வீட்டின் வேறொரு அறைக்குப் போயின. துகள் உள்ளே போகாதபடி குழாயின் இரு முனைகளையும் துணியால் அடைத்தோம். வாய் விளிம்பில் டேப் சுற்றினோம். குண்டு கடைசியாகத் தொட்டு வெளியேறும் இடம் அது, அங்கே சிறு தேய்மானம் ஏற்பட்டாலும் குறி தவறும்.

பிறகு கம்பெனிப் பெயர், எண், முத்திரை எல்லாவற்றின் மீதும் டேப் ஒட்டினோம். 8ஆம் பிரிவு துப்பாக்கியின் அடையாளக் குறிகளை அழிப்பதையும் மாற்றுவதையும் தடைசெய்கிறது. கீறலைப் போக்கப் போய் எண்ணை மங்கவைத்துவிட்டு, பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது திசை. ஜன்னல் வெளிச்சத்தில் குழாயைச் சாய்த்துப் பார்த்தால் கோடுகள் சுற்றுவாட்டில் போகின்றனவா, நீளவாட்டில் போகின்றனவா என்பது தெரியும். நண்பருடையதில் சுற்றுவாட்டில் போயின. சாம்பல் பேடை நீளப்பட்டையாக வெட்டி, குழாயைச் சுற்றிப் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தார். கீறல் இருந்த இடத்தில் மட்டும் நிற்காமல் இருபுறமும் ஒரு கையகலம் தள்ளிக் கொண்டுபோனார். கேஸின் ஜிப் உரசி விழுந்த மெல்லிய கீறல்கள் மறைந்தன. நகத்தில் தட்டிய ஒரே ஒரு கீறல் மங்கியதே தவிரப் போகவில்லை. அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். அதைத் துரத்தினால் குழாயில் குழி விழும். அந்தக் கீறலால் சுடும் துல்லியம் குறையப் போவதில்லை.

முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்தோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காக்கும் குரோமியம் ஆக்சைடுப் படலம் காற்று பட்டதும் தானாகவே மீண்டும் உருவாகும். ஆனாலும் 416 வகை, 304 அளவுக்குத் துருவைத் தாங்காது. கல்வராயன் மலையடிவாரத்து மழைக்கால ஈரமும் உள்ளங்கை வியர்வையின் உப்பும் சேர்ந்தால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். தோல் உறையில் போட்டு நெடுநாள் வைப்பதும் ஆகாது, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

யாருக்கு ஆகாது?

கறுப்பு, கருநீல நிறக் குழாய் என்றால் பேடைத் தொடவே வேண்டாம். அது சாதாரண உருக்கின்மேல் ஏற்றிய புளூயிங் பூச்சு, தேய்த்தால் பூச்சே போய்விடும். பல ஏர் ரைபிள்களின் குழாய் இப்படிப்பட்டதுதான். வெள்ளியாகத் தெரிவதெல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸும் அல்ல; நிக்கல் முலாமாக இருக்கலாம். காந்தம் வைத்துப் பார்த்தாலும் விடை கிடைக்காது, 416 வகையிலும் அது ஒட்டும். கம்பெனிக் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மணல்போல் மங்கலான, கோடே இல்லாத பரப்பு என்றால் அது கண்ணாடி மணி வீசிச் செய்தது. பேட் பட்டால் பளிச்சென்று திட்டு விழும். அந்த வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடமே கொடுக்க வேண்டும்.

தீர்ப்பு

கோடுகள் தெரியும் ஸ்டெயின்லெஸ் குழாய்க்குச் சாம்பல் பேடுதான் முதல் தேர்வு. மலிவு, மெதுவாக வெட்டுகிறது, கை தவறினாலும் பெரிய சேதம் செய்வதில்லை. அரக்கு பேடையும் வாங்கி வையுங்கள், ஆனால் முதலில் அதை எடுக்காதீர்கள். எந்தப் பேடாக இருந்தாலும் ஒரு ஷாஃப்ட் துண்டில் கைபழகிய பிறகே குழாயில் வையுங்கள். தேய்த்து எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. எனவே நகத்தில் தட்டும் கீறல் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.