எத்தனை பிள்ளை, எத்தனை புள்ளி

மங்கலம்பேட்டையில் ஒரு வீட்டில் பள்ளிக்குப் போகும் வயதில் பிள்ளை இருந்தால், மே மாதம் அங்கே ஒரே பேச்சுதான்: அரசுப் பள்ளியா, வேன் வருகிற பள்ளியா? யாழ்ப்பாணத்தில் அதே வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் பேச்சு வேறு. எந்தப் பாடசாலை? அரசுப் பாடசாலை என்பது அங்கே சொல்லாமலே விளங்கும்.

இரண்டு கேள்வியும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முதல் கேள்வியைக் கேட்பவர் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார். தெற்குத் தெருப் பள்ளிக்கும் அடுத்த ஊர்ப் பள்ளிக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் பார்ப்பதில்லை. ஒன்றில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை கதைப் புத்தகத்தைத் தானே படிக்கலாம். இன்னொன்றில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கலாம். தமிழ்நாட்டுப் பெற்றோரின் கணக்கில் இரண்டும் ‘கவர்மென்ட் ஸ்கூல்’.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் வழியில் உள்ள பேரூராட்சி மங்கலம்பேட்டை. சுற்றிலும் விவசாயம், ஊருக்குள் கடைகண்ணி, பக்கத்தில் விருத்தாசலத்தின் பீங்கான் தொழில். சூளையிலிருந்து வந்த பீங்கானை விவரம் தெரிந்தவர்கள் விரலால் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கணீரென்றால் நன்றாக வெந்தது. மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. ஒரு கோப்பைக்கு இந்தப் பாடு. ஐந்து வருடத்துக்குப் பிள்ளையை ஒப்படைக்கிற பள்ளியை மட்டும் சுவரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம்.

சுவர், வேன், கழுத்துப்பட்டை, ஆங்கில ரைம்ஸ். தனியார் பள்ளியை அளக்க இவை நான்கும் போதும். அரசுத் தொடக்கப் பள்ளியை அளக்க ஒரே கேள்வி: “எத்தனை பிள்ளை படிக்குது?” நிறையப் பிள்ளைகள் என்றால் நல்ல பள்ளி, குறைவு என்றால் போகாத பள்ளி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அளவுகோல் தான் அளக்கிற பொருளையே அழிக்கக்கூடியது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. வகுப்புகளோ எப்போதும் ஐந்து. 58 பிள்ளைகள் உள்ள பள்ளியில் இருவர் ஐந்து வகுப்பைப் பார்க்க வேண்டும்; அந்த இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ பயிற்சிக்கோ போனால், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பார். வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தால் அந்த வேலையும் ஆசிரியர் தலையில்தான். இதைக் கண்ணால் பார்த்த பெற்றோர் பிள்ளையை வேனில் ஏற்றுகிறார். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும். அடுத்த ஆண்டு இன்னொரு வேன் வரும்.

இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அரசே அவர்களுக்கு ஒரு சைகை காட்டியிருக்கிறது. அதே 2009 சட்டப்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடம் நலிந்த பிரிவினருக்கு. கட்டணத்தை அரசு கொடுக்கும். எழுதியவர்களின் நோக்கம் நல்லது. ஆனால் ஊரில் அதற்கு என்ன பொருள்? அரசாங்கமே பணம் கட்டி வேறு பள்ளிக்கு அனுப்புகிறது என்றால், தன் பள்ளியைப் பற்றி அது என்ன நினைக்கிறது என்பதுதான். மூன்று வயதிலேயே எல்.கே.ஜி.யில் பிள்ளை சேர்ந்துவிட்டால் ஐந்து வயதில் திரும்பி வருவது அரிது. 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியதற்குக் காரணம் இந்தக் கசிவுதான்.

இன்னொரு சைகையை நாம் அதிகம் கவனிப்பதில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் ஆகிய இரண்டுக்கும், அவை வந்தபோதைய விதிப்படி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை எங்கே படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கணக்குப் போடத் தெரிந்த குடும்பம், ஐந்து வரை நர்சரி, ஆறில் அரசுப் பள்ளி என்று முடிவெடுத்தால் அதில் பிழை சொல்ல முடியாது. தொடக்கப் பள்ளிக்கென்று வந்த பெரிய ஈர்ப்பு 2022-இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுதான். காலையில் பசியில்லாமல் உட்காரும் பிள்ளை படிக்கும். அதை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் உப்புமா நன்றாக இருக்கிறது என்பது கற்பித்தலைப் பற்றிய சாட்சியம் அல்ல.

இலங்கைக்கு வருவோம். அங்கே ‘வேன் வருகிற பள்ளி’ பெரிதாக வளராததற்கு ஒரு சட்டம் காரணம். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 சட்டங்களால் உதவி பெற்ற பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை அரசு வசமாயின. 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பள்ளி தொடங்கவும் தடை வந்தது. பின்னாளில் முளைத்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை, பணம் படைத்தவர்களுக்கானவை. மற்றவர்களுக்கு, அதாவது வைத்தியரின் பிள்ளைக்கும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும், அரசுப் பாடசாலைதான். ஆகவே ஒரு பாடசாலைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்குள்ள பெற்றோர் கூர்ந்து அறிந்திருக்கிறார்கள். அரசும் அதைப் பெயரிட்டே வைத்திருக்கிறது: உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளது 1ஏபி, கலையும் வணிகமும் மட்டும் உள்ளது 1சி, தரம் 11 வரை உள்ளது வகை 2, பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நிற்பது வகை 3. இதற்கு மேல் தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என்று இன்னொரு பிரிப்பு. மலையகத்தில் தோட்டப் பள்ளிகள் பல வகை 3-இலேயே நின்றுபோனவை. தன் பிள்ளை படிப்பது எந்த வகை என்பது தேயிலைக் கொழுந்து பறிக்கிற தாய்க்கும் தெரியும்.

கூர்ந்து அறிவது நல்லதுதானே என்று தோன்றும். அந்த அறிவு எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால்தான் சங்கடம். முதல் வாசல் தரம் 1 அனுமதி. கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படி இடங்களில் 50 விழுக்காடு அருகில் குடியிருப்போர் பிள்ளைகளுக்கு, 25 பழைய மாணவர் பிள்ளைகளுக்கு, 15 ஏற்கெனவே படிப்போரின் சகோதரர்களுக்கு. வீட்டுக்கும் விரும்பும் பாடசாலைக்கும் இடையில் அதைவிட அருகே வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி கழியும். அதாவது உங்கள் தெருவிலுள்ள சிறிய பாடசாலை உங்களுக்குப் பாதகமாக நிற்கிறது. அது இல்லாதிருந்தால் பெரிய பாடசாலையில் இடம் கிடைத்திருக்கும்! அருகிலுள்ள பாடசாலை மீது ஒரு பெற்றோருக்கு இதைவிடக் கசப்பு வர வேறென்ன வேண்டும்? ‘அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’ என்று அரசு ஒரு திட்டமே நடத்திப் பார்த்தது. பெயர் நன்றாகத்தான் இருந்தது. வாக்காளர் இடாப்பும் உறுதிப் பத்திரமும் தூக்கிக்கொண்டு நேர்முகத்துக்கு நிற்கும் வரிசை குறையவில்லை.

இரண்டாவது வாசல் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. 200 புள்ளி, இரண்டு வினாத்தாள்கள், பத்து வயதுப் பிள்ளைகள். 70 எடுத்தால் சான்றிதழ். ஆனால் எல்லோர் கண்ணும் வெட்டுப்புள்ளி மேல். அது 70-ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு, மாவட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்ப மாறும். அதைத் தாண்டினால் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர் போன்ற பெயர்பெற்ற பாடசாலையில் தரம் 6-க்கு இடம் கேட்கலாம். பெறுபேறு வந்த வாரம் பாடசாலை மதிலில் பிள்ளைகளின் படமும் புள்ளியும் போட்ட பதாகை தொங்கும். அந்தப் பதாகைதான் அந்த ஊர் தன் ஆரம்பப் பாடசாலையை அளக்கிற கோல்.

எண் என்ற வகையில் அது நேர்மையானது. பூச்சு வேலையைவிட, வேனைவிட மேலானது. ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலைக் கதவைத் திறந்ததும் இதே பரீட்சைதான். அதை மறந்து பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்த எண் பாடசாலையின் எண்தானா? மாலையிலும் சனி ஞாயிறிலும் ரியூஷனுக்குப் போன பிள்ளையின் 170 புள்ளியில் பாடசாலைக்கு எவ்வளவு, ரியூஷன் ஆசிரியருக்கு எவ்வளவு, இரவில் கடந்தகால வினாத்தாளோடு உட்கார்ந்த தாய்க்கு எவ்வளவு? பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதிபரும் மனிதர்தானே, பதாகைக்குரிய வகுப்புக்குத் திறமான ஆசிரியரைப் போடத்தான் அவருக்குத் தோன்றும். தரம் 1-இல் எழுத்துப் பிடிபடாத பிள்ளை எந்தப் பதாகையிலும் வரப்போவதில்லை. 2024 செப்டம்பரில் நடந்த பரீட்சையின் முதல் வினாத்தாளில் சில கேள்விகள் முன்கூட்டியே வெளியானதாக எழுந்த பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சை!

இங்கே ஒரு விசித்திரம். தமிழ்நாட்டில் சலுகைகள் ஆறாம் வகுப்பில் தொடங்குகின்றன. இலங்கையில் பரிசு தரம் 6 அனுமதி. இரு கரையிலும் முதல் ஐந்து ஆண்டுகள், ஆறாவதுக்குப் போகிற பாதையாகத்தான் மதிக்கப்படுகின்றன.

இலங்கையின் வழிக்குத் தமிழ்நாடும் ஒருமுறை போகப் பார்த்தது. 2019 செப்டம்பரில், அந்தக் கல்வியாண்டு முதல் 5, 8-ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது. எதிர்ப்பு வலுத்து, 2020 பிப்ரவரி 4-இல் அது திரும்பப் பெறப்பட்டது. சரியான முடிவு. மங்கலம்பேட்டையிலும் ‘ஐந்தாம் வகுப்பு ஸ்பெஷல் கோச்சிங்’ பலகைகள் தொங்காமல் தப்பித்தோம். ஆனால் தேர்வை விரட்டிய இடத்தில் வேறு எந்த அளவுகோலையும் பெற்றோர் கையில் கொடுக்கவில்லை. வெற்றிடம் அப்படியே கிடந்தது. வேன்காரர் அதில் வண்டியை நிறுத்திக்கொண்டார்.

அளவுகோல் இல்லாமலும் இல்லை, கேட்கத்தான் ஆள் இல்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்ற நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். உங்கள் பிள்ளை எதில் இருக்கிறாள்? ஜூனில் அரும்பில் இருந்த எத்தனை பேர் ஜனவரியில் மொட்டுக்கு வந்தார்கள்? வகுப்பு ஆசிரியருக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து, பெயர் சொல்லி விளக்குகிற ஆசிரியர் இருந்தால் கூரை ஒழுகினாலும் அது நல்ல பள்ளி.

வீட்டிலும் பார்க்கலாம். 2005 முதல் பிரதம் அமைப்பு ஊர் ஊராகச் செய்யும் ஏசர் ஆய்வின் சோதனை மிக எளியது: எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவிலான ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு குட்டிக் கதை. கணக்கில் எண் அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்கத்தால் வகுத்தல். பத்து நிமிட வேலை, பாடப்புத்தகமே போதும். வேனில் போகிற பிள்ளையிடமும் இதே சோதனையைச் செய்யுங்கள். கட்டணத்துக்கும் வாசிப்புக்கும் எவ்வளவு தொடர்பு என்று அப்போது தெரியும்.

மங்கலம்பேட்டைத் தாய்க்குச் சட்டம் இன்னொரு பிடியும் தந்திருக்கிறது. இலங்கையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. அதன் தலைமை அதிபரிடம், பேச்சு பெரும்பாலும் நிதி, கட்டடம், விழா. இங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. 2022-இல் தமிழ்நாடு இதைத் திருத்தி அமைத்தபோது 20 உறுப்பினரில் 15 பேர் பெற்றோர், தலைவரும் பெற்றோரில் ஒரு பெண். ஆனால் பல ஊர்களில் கூட்டம் என்றால் குடிநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், கழிப்பறை என்பதோடு முடிகிறது. அவையும் வேண்டும்தான். மூன்றாம் வகுப்பில் எத்தனை பேருக்குப் படிக்க வருகிறது என்ற கேள்வி மட்டும் தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதில்லை.

எது மேல் என்று கேட்டால், பத்து வயதில் தரம் பிரிக்காத தமிழ்நாட்டு முறையே மேல் என்பேன்; அக்கம்பக்கத்து அரசுப் பள்ளிகளைத் தனித்தனியாக எடை போடும் பழக்கத்தில் இலங்கைப் பெற்றோர் நம்மைவிட முன்னால் நிற்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இதைப் படிக்கிறவர் பதாகையை விட்டுவிட்டுத் தரம் 2 வகுப்பைப் பற்றி அதிபரிடம் கேளுங்கள். மங்கலம்பேட்டையில் படிக்கிறவர், அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். சுற்றுச்சுவர் பேச்சு முடிந்ததும் எழுந்து, மூன்றாம் வகுப்பில் கதையைத் தானாகப் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டு, அந்த எண்ணைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை வேனில் போகிறாள் என்றாலும் பரவாயில்லை, ஊர்க்காரராகப் போய்க் கேளுங்கள்.