ஜெயிக்க முடியாத கைக்குக் கூலி

ஜப்பானின் தொழில்முறை மாஜோங் போட்டியான எம்-லீக்கின் ஒளிபரப்புகளில் ஒரு பாராட்டு வாடிக்கையாகிவிட்டது. சுவரில் இரண்டு மூன்று காய்களே மிச்சமிருக்கும்போது, ஒருவர் எதிராளி எறிந்த காயைச் 'சீ' சொல்லி எடுத்து, யாக்கு (ஜெயிக்கத் தேவையான அமைப்பு) எதுவுமில்லாத ஒரு தென்பாயை, அதாவது இன்னும் ஒரே காய் வந்தால் கை முடியும் என்ற நிலையை, ஒட்டவைத்துவிடுவார். உடனே வர்ணனையாளர்கள் அதைத் தேர்ந்த ஆட்டம் என்று கொண்டாடுவார்கள். திறமைதான், மறுக்கவில்லை. அந்தத் திறமைக்குப் படியளக்கும் விதிதான் தவறு என்பது என் நெடுநாள் கட்சி.

ஜப்பானிய மாஜோங்கில் ஓர் ஆட்டம் முடியும் விதம் பெரும்பாலும் அழகானது. ரோனில், அதாவது எதிராளி எறிந்த காயால் ஜெயிக்கும்போது, அதை எறிந்தவர் ஒருவரே முழுத்தொகையையும் கட்டுகிறார்; அதனால்தான் ஒவ்வொரு எறிதலுக்கும் கனம் வருகிறது. தான் முன்பு எறிந்த காயில் ரோன் சொல்லக்கூடாது என்ற ஃபுரித்தென் விதி, எதிராளியின் கையைப் படிக்கும் கலையையே வளர்த்தது. ஒரே காய்க்கு இருவர் ரோன் சொன்னால் எறிந்தவருக்கு அடுத்த முறைக்காரருக்கே வெற்றி என்று எம்-லீக் வைத்திருப்பதையும் ஏற்றுக்கொள்ளலாம்.

136 காய்களில் ஒதுக்கிவைத்த 14 போக மற்றவை தீர்ந்தும் யாரும் ஜெயிக்காதபோதுதான் கோணல் தொடங்குகிறது. தென்பாயில் இல்லாதவர்கள் இருப்பவர்களுக்கு மொத்தம் 3,000 புள்ளி தர வேண்டும். ஒருவர் மட்டும் தென்பாய் என்றால் மற்றவர்கள் ஆளுக்கு 1,000. இருவர் என்றால் மற்ற இருவரும் ஆளுக்கு 1,500. மூவர் என்றால் மிச்சமிருப்பவர் தலையில் முழு 3,000.

யார் அந்த மிச்சமிருப்பவர்? பல நேரங்களில் அந்த மேசையிலேயே சரியாக ஆடியவர். டீலர் ரீச்சி போட்டுவிட்டார், அதாவது மூடிய கையில் தென்பாய் என்று அறிவித்துவிட்டார். இவர் கையிலும் நல்ல அடுக்கு வளர்கிறது, ஆனால் அதைக் காப்பாற்ற ஆபத்தான காயை எறிந்தாக வேண்டும். அடுக்கை உடைத்து, பாதுகாப்பான காய்களாகப் பார்த்து எறிந்து, 12,000 புள்ளி போகக்கூடிய இடத்திலிருந்து தப்புகிறார். தற்காப்பின் உச்சம் இது. அதற்குத்தான் தண்டம்! அதே சமயம், பிறர் எறிந்த காயை எடுத்துச் சேர்த்த, யாக்கு இல்லாத திறந்த கையோடு இருப்பவர், கடைசிக் காய் போன்ற ஓரிரு அபூர்வ வாய்ப்புகள் தவிர ஜெயிக்கவே முடியாதவர், கை நீட்டி வாங்கிக்கொள்கிறார். ரீச்சி போட்டவருக்கும் இதில் நியாயமில்லை. 1,000 புள்ளிக் குச்சியை மேசையில் வைத்து, கையை மாற்ற முடியாமல் பூட்டிக்கொண்டு அவர் எடுத்த துணிச்சலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய 3,000, அந்த வெற்றுத் தென்பாயால் 1,500 ஆகிறது. குச்சியோ அடுத்து ஜெயிப்பவருக்குப் போகிறது.

கடைசி ஆட்டத்தில் இது கொடுமையாகிறது. எம்-லீக்கில் முதலிடத்துக்கு 50, இரண்டாம் இடத்துக்கு 10 இடப்புள்ளிகள். முதலிடத்தவரைவிட 3,900 பின்தங்கி இரண்டாம் இடத்தில் இருப்பவர் மட்டும் தென்பாய், டீலர் உட்பட மற்ற மூவரும் இல்லை என்றால், 4,000 புரண்டு முதலிடம் கைமாறும். அந்த 40 இடப்புள்ளிகள் ஆட்டப்புள்ளியில் 40,000க்குச் சமம். டீலரல்லாதவர் போடும் யாக்குமானே, அதாவது ஆட்டத்தின் உச்ச மதிப்புக் கையே, 32,000தான். எந்த யாக்குமே இல்லாத கை யாக்குமானை மிஞ்சுவதை எந்தத் தர்க்கம் தாங்கும்?

தண்டம் இல்லாவிட்டால் எல்லாரும் ஒதுங்கிக்கொள்வார்கள், ஆட்டம் சப்பென்றாகிவிடும் என்று வாதிடுகிறார்கள். ஜெயிப்பதற்கான ஆசை மேசையில் இல்லாமலா போய்விடும்? 1976இல் தொடங்கிய சைக்கோய்சென் என்ற மாஜோங் அமைப்பின் கிளாசிக் போட்டியில் இந்தத் தண்டம் கிடையாது. டீலரும் ஜெயித்தால்தான் தொடரலாம், வெறும் தென்பாய் காட்டி இருக்கையைத் தக்கவைக்க முடியாது. அங்கே யாரும் தூங்கி வழியவில்லை. எப்போது முன்னேறுவது, எப்போது விடுவது என்ற முடிவுகள் அங்கேதான் கலப்படமில்லாமல் தெரிகின்றன.

தொடக்கக் கையிலேயே ஒன்பது வகை ஓரக்காய்கள் (1, 9, எழுத்துக் காய்கள்) வந்துவிட்டன, நால்வரும் ரீச்சி போட்டுவிட்டார்கள் என்றெல்லாம் ஆட்டத்தை நடுவில் கலைக்கும் பழைய வழக்கங்களை எம்-லீக் தயங்காமல் விலக்கிவைத்தது. அதே துணிவோடு தென்பாய்த் தண்டத்தையும் விலக்கி, ஒரே ஒரு பருவம் ஆடிப் பார்க்கட்டும்.