ஹை ஹீல்ஸ் அணிந்த கல்

ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் மக்களின் சிற்பம் என்றதும் பனிக்கரடியும் வேட்டைக்காரரும்தான் நினைவுக்கு வரும். கனடாவின் வடபகுதியில், நூனவுட் பிரதேசத்தின் கிங்கைட் ஊரில் வாழ்ந்த இனுயிட் சிற்பி ஓவிலு டுனில்லி (1949–2014), அவற்றைச் செதுக்கும் அதே செர்பென்டைன் கல்லில் ஃபுட்பால் வீரரையும், ஹை ஹீல்ஸ் போட்ட பெண்ணையும், குடித்து மயங்கிக் கிடப்பவளையும் செதுக்கினார். சிறுமியாக இருந்தபோது காசநோய்ச் சிகிச்சைக்காக அவரை வீட்டிலிருந்து பிரித்துத் தெற்கே மனிடோபா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பிரிவையும் பல ஆண்டுகள் கழித்துக் கல்லில் வடித்தார்.

அவர் சிற்பங்களில் நுணுக்க விவரங்கள் மிகக் குறைவு. அழும் பெண்ணின் குனிந்த தலையும் வளைந்த முதுகுமே துக்கத்தை முழுதாகச் சொல்லிவிடுகின்றன. வழவழப்பான கல்லில் ஒளி வழுக்கி ஓடும்போது அந்த உடல் மூச்சு விடுவதுபோல் இருக்கிறது. வாங்குபவர்கள் எதிர்பார்த்த பழைய வடக்கை விட்டு, தான் வாழ்ந்த வடக்கைச் செதுக்கிய துணிச்சல்தான் இந்தச் சிற்பங்களின் பேரழகு.